சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் காருக்கு எந்த டர்போ?

வாசகர் கேள்வி – பதில்: வாகனப் பகுதி

பெங்களூரிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மாற்றுவதைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே பொருள் என்பதால் அவற்றை இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். முதல் கேள்விக்கான பதில் நீளமானது. மற்றவற்றுக்கு அதுவே அடிப்படை என்பதால் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

கேள்வி: என்னிடம் 2018ஆம் ஆண்டு வாங்கப்பட்ட ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 இருக்கிறது. தினமும் ராமமூர்த்தி நகரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வருகிறேன். மாதம் ஒருமுறை பெற்றோரைப் பார்க்கச் சேலம் செல்வேன். காரை 400 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. ஒரு ட்யூனர் ஐஎஸ்38 டர்போவைப் போடச் சொல்கிறார். இன்னொருவர் காரெட் ஜி25-660தான் சரி என்கிறார். எதைப் போட்டாலும் கார் நடுவழியில் நிற்கக் கூடாது. எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: நடுவழியில் நிற்கக் கூடாது என்பதை நிபந்தனையாகவும், 400 குதிரைத்திறன் என்பதை ஆசையாகவும் எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் என் பரிந்துரை இதுதான்: ஐஎஸ்38 டர்போவைப் போட்டு, சுமார் 300 குதிரைத்திறனோடு நிறுத்தி, டார்க்கை (முறுக்கு விசையை) 400 நியூட்டன் மீட்டரைத் தாண்டவிடாமல் ட்யூன் செய்துகொள்ளுங்கள். ஜி25-660 தங்களுக்கு வேண்டாம். ஆசையில் 100 குதிரைகளைக் குறைத்துவிட்டதால் காரணங்களை விரிவாகச் சொல்ல வேண்டியவனாகிறேன்.

டர்போ வாங்குபவர்கள் பெரும்பாலும் டைனோ (காரின் திறனை அளக்கும் இயந்திரம்) தரும் தாளில் கோட்டின் உச்சியில் இருக்கும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அந்த எண் கிடைப்பது 6,000 ஆர்பிஎம்மை (எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும் வேகத்தை) ஒட்டி. தங்கள் காரோ கே.ஆர்.புரம் தொங்குபாலத்தில் தொடங்கி, வெளிவட்டச் சாலை முழுவதும் ஊர்ந்து, சில்க் போர்டைக் கடந்து, ஓசூர் சாலை மேம்பாலத்தில் ஏறும் வரை 2,500 ஆர்பிஎம்மைத் தொடுவதற்கே வாய்ப்பு குறைவு. ஆகவே தங்களுக்கு முக்கியமானது டைனோ தாளின் இடப்பக்கத்துக் கால்வாசிதான். பெரிய டர்போவைப் போடுபவர் முதலில் இழப்பதும் அந்தப் பகுதியைத்தான்.

இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எந்த ஆர்பிஎம்முக்குக் கீழே எவ்வளவு மிதித்தாலும் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) வராதோ, அது ஒரு எல்லை. டர்பைனைச் சுழற்றும் அளவுக்கு எக்ஸாஸ்ட் வாயு இல்லாததால் வருவது. அந்த எல்லைக்கு மேலே இருக்கும்போதும், மிதித்த பிறகு பூஸ்ட் ஏறும்வரை ஆகும் தாமதம் வேறு. அதைத்தான் லேக் என்கிறோம். பால் பேரிங், எடை குறைந்த டர்பைன், இரட்டைச் சுருள் அமைப்பு ஆகியவை லேக்கைப் பெருமளவு குறைக்கும். ஆனால் 3,500 ஆர்பிஎம்மில்தான் உயிர் பெறும் ஒரு பெரிய டர்போவை எந்தப் பேரிங்கும் 1,800 ஆர்பிஎம்மில் எழுப்பிவிடாது. "பால் பேரிங் போட்டிருக்கிறோம், லேக்கே இருக்காது" என்று யாராவது சொன்னால், எந்த ஆர்பிஎம்மிலிருந்து என்று கேளுங்கள்.

இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. 1973இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போ, 170 குதிரைத்திறன் கொண்டதாயினும், மிதித்துக் காத்திருந்து திடீரென்று பாயும் காராகவே பெயர் வாங்கியது. அதன் பின் வந்த சாப் 99 டர்போவின் பொறியாளர்கள் எதிர்வழியில் சென்றார்கள். சிறிய டர்போவைப் பொருத்தி, மிகுதியான எக்ஸாஸ்ட் வாயுவை வேஸ்ட்கேட் வழியாக வெளியே விட்டு, அன்றாடம் ஓட்டும் வேகத்திலேயே பூஸ்ட் கிடைக்கும்படி செய்தார்கள். இன்று சாலையில் ஓடும் டர்போ பெட்ரோல் கார்கள் எல்லாம் ஏறக்குறைய அந்தச் சாப் சென்ற வழியில் வந்தவைதான். ட்யூனிங் கடைகளில் மட்டும் 2002 டர்போவின் காலம் முடியவே இல்லை.

இனித் தங்கள் காருக்கு வருவோம். ஆர்எஸ் 230இன் 2.0 டிஎஸ்ஐ எஞ்சினில் இருப்பது ஐஹெச்ஐ நிறுவனத்தின் ஐஎஸ்20. அதே குடும்பத்து எஞ்சினோடு 300 குதிரைத்திறனில் வந்த கோல்ஃப் ஆர் காரில் இருந்தது ஐஎஸ்38. தொழிற்சாலை அளவீட்டின்படி தங்கள் கார் 350 நியூட்டன் மீட்டர் டார்க்கை 1,500 ஆர்பிஎம்மிலிருந்து 4,600 வரை தருகிறது. கோல்ஃப் ஆர் 380 நியூட்டன் மீட்டரை 1,800இலிருந்து 5,500 வரை தந்தது. கீழே 300 ஆர்பிஎம்மை விட்டுக்கொடுத்து மேலே 900 ஆர்பிஎம்மை வாங்கியிருக்கிறார்கள். தினமும் ஓட்டும் காருக்கு இது நியாயமான பண்டமாற்று என்பது என் கருத்து. ட்யூன் செய்து பூஸ்ட்டை மேலும் ஏற்றினால் அது முழுமையாக வந்து சேரும் இடம் இன்னும் சற்று வலப்பக்கம் நகரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜி25-660ஐ எடுத்துக்கொண்டால், காரெட் நிறுவனமே அதை 350 முதல் 660 குதிரைத்திறன் வரைக்கும் என்று குறிக்கிறது. தங்கள் தேவை அதன் கீழ்ப்படியிலோ அதற்கும் கீழேயோ விழுகிறது. காரெட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் 300 முதல் 550 வரைக்குமான ஜி25-550ஐப் பார்க்கலாம். ஆனால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு தனியாக இல்லை; சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது, டர்போ நேராக ஹெட்டில்தான் பொருந்துகிறது. ஐஎஸ்38 அதே இடத்தில், அதே குழாய் வழிகளோடு அமர்ந்துகொள்ளும். காரெட் டர்போவுக்கு அடாப்டர், தனி ஆயில் குழாய், தனி கூலன்ட் குழாய், தனி வேஸ்ட்கேட் இணைப்பு எல்லாம் வேண்டும். ஒவ்வொரு புதிய இணைப்பும் பிற்காலத்தில் கசியக்கூடிய ஒரு இடம். மாற்றியமைத்த கார்கள் வழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் டர்போ காரணமாக இருப்பதில்லை. தளர்ந்த கிளாம்ப்பும் வெப்பத்தில் வெடித்த ஹோஸும்தான் காரணமாக இருக்கின்றன.

அடுத்தது, வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து முடிவு செய்பவர்கள் தவறவிடும் விஷயம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் 1.01 பார் இருக்கும் காற்றழுத்தம் இங்கே சுமார் 0.91 பார்தான்; அதாவது காற்றில் பத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே இல்லை. டர்போ உள்ள கார் இதை உணர்வதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். கார் உணராமல் இருப்பதற்குக் காரணம், அந்தக் குறையை டர்போ கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டுவதே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சினுக்குள் 2.2 பார் முழு அழுத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் 0.1 பார் இழப்பு, ஏர் ஃபில்டரிலும் அதன் குழாயிலும் 0.03 பார் இழப்பு என்று கொண்டால், சென்னையில் டர்போவின் கம்ப்ரஸர் (காற்றை அழுத்தும் பகுதி) 0.98 பாரை 2.3 பாராக மாற்ற வேண்டும், விகிதம் 2.35. பெங்களூரில் 0.88 பாரை 2.3 பாராக்க வேண்டும், விகிதம் 2.6 ஆகிவிடுகிறது. காற்றின் அளவிலும் இதே கதைதான். நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்று சுமார் 10 குதிரைத்திறன் தரும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. 300 குதிரைத்திறனுக்கு 30 பவுண்டு என்றால், காற்று அடர்த்தி குறைந்த நம் ஊரில் கம்ப்ரஸர் வரைபடத்தில் (எந்த விகிதத்தில் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்று காட்டுவது) 33ஐத் தாண்டிய இடத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே வெளிநாட்டில் ஒருவர் ஐஎஸ்20ஐ வைத்துக்கொண்டே 300 குதிரைத்திறன் எடுத்தேன் என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதே எண்ணைப் பெங்களூரில் எடுக்க முயன்றால் அந்தச் சின்ன டர்போ தன் வேக வரம்பைத் தாண்டிச் சுழல நேரிடும். இந்த அளவு டர்போக்களின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்பவை. வரம்பைத் தாண்டிய பிறகு அவை கொடுக்கும் முன்னறிவிப்பு மிகக் குறைவு.

இதனால்தான் ஐஎஸ்20ஐக் கசக்கிப் பிழிவதைவிட, ஐஎஸ்38ஐப் போட்டு அதை அடக்கமாக ஓட்டுவது நம்பகமானது என்கிறேன். வெப்பக் கணக்கும் அதையே சொல்கிறது. வெளியே 30 டிகிரி வெயிலில் 2.6 என்ற விகிதத்தில் அழுத்தும்போது, 72 சதவீதத் திறனில் இயங்கும் கம்ப்ரஸரிலிருந்து காற்று சுமார் 162 டிகிரியில் வெளிவரும். வரைபடத்தின் ஓரத்தில் 62 சதவீதத் திறனில் திணறும் கம்ப்ரஸரிலிருந்து சுமார் 184 டிகிரியில் வரும். பூஸ்ட் மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். கூடுதலான 22 டிகிரியையும் இன்டர்கூலர்தான் சுமக்க வேண்டும். அது சுமக்கத் தவறினால் எஞ்சின் நாக் அடிக்கும், அதாவது உள்ளே கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும்.

எனவே டர்போவுக்கு முன்பே, அல்லது டர்போவோடு சேர்த்தாவது, பெரிய இன்டர்கூலரைப் போட்டுவிடுங்கள். நகர நெரிசலில் காற்று பாயாமல் இன்டர்கூலர் சூடேறி நின்றுவிடுவது வேறு. சிக்னல் விழுந்து சாலை திறந்தவுடன் முதல் முறை மிதிப்பதற்குள் அது எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்பதே இங்கே கேள்வி. இதைச் சோதிக்கத் தங்கள் சேலம் பயணமே போதும். திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில் ஏறிக்கொண்டே உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைப் பதிவு செய்யுங்கள். அருகில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும், ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும்.

சேலம் பயணத்தால் இன்னொரு விஷயமும் எழுகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரம், வெயிலும் கூடுதல். எஞ்சினின் கணினியான இசியு வழியாக முழு அழுத்தத்தை அளந்து பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் ட்யூன் இந்த மாற்றத்தைத் தானே சமாளித்துக்கொள்ளும். திருகு வைத்த கையால் இயக்கும் பூஸ்ட் கன்ட்ரோலருக்கு அந்த அறிவு கிடையாது. வெளிக்காற்றுக்கு மேலே இவ்வளவு என்று மட்டுமே அதற்குத் தெரியும். பெங்களூரில் பத்திரமாக இருந்த அமைப்பு, கீழே இறங்கியதும் கூடுதல் காற்றையும் கூடுதல் வெப்பத்தையும் ஒரே நேரத்தில் எஞ்சினுக்குள் தள்ளும். தங்கள் காரில் அதை அனுமதிக்காதீர்கள்.

எரிபொருளிலும் இதே முன்யோசனை வேண்டும். 100 ஆக்டேன் பெட்ரோல் பெங்களூரில் சில பங்க்குகளில் கிடைக்கிறது. கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் நடுவே வண்டி காலியானால் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஆகவே 95 ஆக்டேனுக்கே ட்யூன் செய்யச் சொல்லுங்கள். 100 ஆக்டேன் கிடைத்த நாளில் அது பாதுகாப்புக்கான உபரியாக இருக்கட்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருளைத் தெளிக்க வேண்டியிருப்பதால், உயர் அழுத்த பெட்ரோல் பம்ப் தன் எல்லையை எதிர்பார்த்ததைவிட முன்பே தொடும். முழு மிதியில் பம்ப் அழுத்தம் கேட்ட அளவுக்கும் கிடைத்த அளவுக்கும் இடையே விரிசல் விழுகிறதா என்பதைப் பதிவில் பார்த்தால் தெரிந்துவிடும்.

"கோல்ஃப் ஆரில் 300 குதிரைத்திறன் உத்தரவாதத்தோடு வந்ததே, இங்கே 400 ஏன் கூடாது?" என்று தாங்கள் கேட்கலாம். அந்தக் காருக்காக ஃபோக்ஸ்வாகன் டர்போவை மட்டும் மாற்றவில்லை. சிலிண்டர் ஹெட், எக்ஸாஸ்ட் வால்வுகள், வால்வு ஸ்பிரிங்குகள், பிஸ்டன்கள், இன்ஜெக்டர்கள் ஆகியவற்றையும் மாற்றியது. தங்கள் எஞ்சினில் அவை எதுவும் இல்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று 300இல் நான் நிறுத்துவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் கியர்பாக்ஸ். தங்கள் காரிலுள்ள ஆறு கியர் ஈரக் கிளட்ச் (ஆயிலில் இயங்கும் கிளட்ச்) டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு நிறுவனம் குறித்த அளவு 350 நியூட்டன் மீட்டர். கார் ஷோரூமிலிருந்து வந்தபோதே அந்த அளவில்தான் இருந்தது. கியர்பாக்ஸ் மென்பொருளில் கிளட்ச் அழுத்தத்தை உயர்த்தி 400 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கிளட்ச்சையே மாற்ற வேண்டும். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று சொல்லப்படும் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றத்தை 40,000இலேயே செய்துவிடுங்கள்.

டார்க் எவ்வளவு என்பதைப் போலவே அது எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்பதும் முக்கியம். 2,000 ஆர்பிஎம்மில் முழு டார்க்கையும் கொட்டும் ட்யூன் ஓட்டுவதற்குச் சுகமாகத்தான் இருக்கும். கனெக்டிங் ராடு வளைவதும் அங்கேதான். குறைந்த வேகத்தில் அதிகப் பளுவோடு ஓடும் நேரடி இன்ஜெக்ஷன் டர்போ எஞ்சின்களில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்டு. அதைக் கட்டுப்படுத்தவே 2018இல் எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி என்ற ஆயில் தரங்கள் வந்தன. தாங்கள் வாங்கும் ஆயிலில் எஸ்பி தரமும் ஃபோக்ஸ்வாகனின் ஒப்புதல் எண்ணும் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 15,000 கிலோமீட்டர் வரை ஆயிலை ஓட்டும் பழக்கத்தை டர்போ மாற்றும் நாளோடு விட்டுவிட்டு, அதில் பாதித் தூரத்திலேயே மாற்றுங்கள்.

கடைசியாக, ஐஎஸ்38இன் ஆரம்ப காலப் பிரதிகளில் சில விரைவில் பழுதானது உலகம் முழுவதும் ட்யூனர்கள் அறிந்த செய்தி. ஆகவே திருத்தப்பட்ட பிந்தைய பாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், டர்போவின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். அசலின் விலையில் பாதிக்கு வரும் ஐஎஸ்38 ஐஎஸ்38 அல்ல.

கேள்வி: என் ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக். ஆர்எஸ்ஸில் வரும் ஐஎஸ்20ஐ இதில் போட்டால் குறைந்த செலவில் ஆர்எஸ் ஆகிவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, ஃப்ரேசர் டவுன்

பதில்: எஞ்சின் ஏறக்குறைய ஆகிவிடும், கியர்பாக்ஸ் ஆகாது. தங்கள் காரில் இருப்பது ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி. அதன் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். அந்த வரம்பை நிறுவனம் எவ்வளவு மதித்தது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1.8 எஞ்சினுடன் வந்த போலோ ஜிடிஐ மேனுவல் கியரில் 320 நியூட்டன் மீட்டர் டார்க் தந்தது; அதே காரின் டிஎஸ்ஜி வடிவத்தில் அதை 250 ஆகக் குறைத்தே விற்றார்கள். நம் நாட்டுக்கு வந்தது அந்த டிஎஸ்ஜி கார்தான். 70 நியூட்டன் மீட்டரை எஞ்சினில் வைத்துக்கொண்டே விற்க மறுத்த நிறுவனத்துக்குத் தன் கியர்பாக்ஸைப் பற்றித் தெரியாமல் இருந்திருக்காது.

உலர் கிளட்ச்சுக்கு எதிரி சில்க் போர்டு வகை நெரிசல். அரை கிளட்ச்சில் ஊர்ந்து ஊர்ந்து சூடேறியிருக்கும் கிளட்ச்சின் மேல் கூடுதல் டார்க்கையும் ஏற்றுவது அதன் ஆயுளைச் சுருக்கும். தங்கள் காருக்கு டர்போ மாற்றம் வேண்டாம். மேல் ஆர்பிஎம்களில் மட்டும் சிறிது திறன் கூட்டி, டார்க்கை 250ஐ ஒட்டியே வைத்திருக்கும் மென்மையான ரீமேப் (இசியு மென்பொருள் மாற்றம்) ஒன்றைச் செய்துகொண்டு, மிச்சமாகும் பணத்தில் நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்குங்கள். மேனுவல் கியர் வைத்திருப்பவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கேள்வி: பழைய ஃபியட் லீனியா டி-ஜெட் வைத்திருக்கிறேன். டர்போவிலிருந்து விசில் சத்தம் வருகிறது. ஜே.சி. ரோட்டில் பயன்படுத்திய டர்போ ஒன்று கிடைக்கிறது. இல்லையென்றால் இருப்பதையே 'ஹைபிரிட்' ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். எது நல்லது?
– ஒரு வாசகர், ஹலசூரு

பதில்: விசில் சத்தம் டர்போவிலிருந்துதான் வருகிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். இன்டர்கூலர் ஹோஸில் ஓட்டை இருந்தாலும் இதே சத்தம் வரும். அதற்கான செலவு மிகக் குறைவு. குழாய்களைப் புகை விட்டுச் சோதிக்கும் பட்டறையில் காட்டினால் சிறிது நேரத்தில் தெரிந்துவிடும்.

டர்போதான் என்று உறுதியானால், பயன்படுத்திய டர்போவைக் கையில் எடுத்துத் தண்டை மெல்ல அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது சாதா பேரிங் டர்போவுக்கு இயல்பு. அந்த இடைவெளியை ஓடும்போது ஆயில் நிரப்பிக்கொள்ளும். முன்னும் பின்னுமாக ஆட்டம் உணரத்தக்க அளவில் இருந்தாலோ, சக்கரத்தின் இதழ்கள் உறையில் உரசிய தடம் தெரிந்தாலோ, அதைத் திரும்ப வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இதழ்களின் முனை மணல் தேய்த்ததுபோல் மழுங்கியிருந்தால், அந்த டர்போ இருந்த காரில் ஏர் ஃபில்டரைக் கவனிக்கவில்லை என்று பொருள். அதன் பேரிங்கும் நல்ல நிலையில் இருக்காது என்பதைச் சோதித்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ஹைபிரிட் என்பது பழைய உறைக்குள் சற்றுப் பெரிய கம்ப்ரஸர் சக்கரத்தையும் புதிய உள்பாகத்தையும் பொருத்துவது. கருத்தளவில் நல்ல வழி. வெளி இணைப்புகள் எதுவும் மாறாது. எல்லாம் அதைச் செய்பவரின் பாலன்சிங் இயந்திரத்தைப் பொறுத்தது. உள்பாகத்தை முழுவதுமாகக் கோத்த பிறகு, உயர் வேகத்தில் சுழற்றி எடுத்த பாலன்சிங் அறிக்கையைத் தர முடியுமா என்று கேளுங்கள். தர முடியாதவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரிடம் கொடுக்காதீர்கள். இத்தனை வயதான காரில் என் விருப்பம், தொழிற்சாலை அளவிலேயே புதுப்பித்துக்கொள்வது.

கேள்வி: டர்போ மாற்றினால் ஆர்டிஓவில் சிக்கல் வருமா? காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா?
– ஒரு வாசகர், விவேக் நகர்

பதில்: இரண்டுக்கும் பதில் ஆம்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே உறுதி செய்தது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றும் அமைப்பு மாற்றத்தையே 52ஆவது பிரிவின் விளக்கம் குறிக்கிறது, டர்போ அதில் அடங்காது என்று ட்யூனர்கள் வாதிடுவதுண்டு. அந்த வாதத்தை அவர்கள் கடையில் நடத்துவது எளிது. விபத்துக்குப் பிறகு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நடத்த வேண்டியவர் தாங்கள். மாற்றத்தை எழுத்து மூலம் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, அவர்களின் எழுத்து மூலமான பதிலைப் பெற்ற பிறகே காரைப் பட்டறையில் விடுங்கள். மறுத்துவிட்டார்கள் என்றால், மேற்கொண்டு முடிவெடுப்பதற்கு அந்த மறுப்பே போதுமான தகவல். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிய டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்த எக்ஸாஸ்ட் குழாய்) எதற்கும் வேண்டாம். கார் நின்ற நிலையில் எடுக்கும் பியுசி சோதனையில் தப்பினாலும் அது விதிமீறல்தான். பின்னால் ஸ்கூட்டரில் வருபவரின் நுரையீரலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் பால் பேரிங் டர்போ போட்டேன். சாலையில் ஓடும்போது ஒன்றும் இல்லை. நீண்ட சிக்னலில் நின்று கிளம்பும்போது மட்டும் பின்னால் நீலப் புகை வருகிறது. டர்போ போய்விட்டதா?
– ஒரு வாசகர், கம்மனஹள்ளி

பதில்: பதற வேண்டாம், புதிய டர்போவைக் குற்றம் சொல்வதற்கு முன் ஆயில் வழியைப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போது டர்பைன் பக்கத்தில் எதிரழுத்தம் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் ஆயில் தேங்கினால் சீலைத் தாண்டிக் கசிந்து எக்ஸாஸ்டுக்குள் போகும்; கிளம்பியதும் அது எரிந்து நீலப் புகையாக வரும். தேங்குவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. பால் பேரிங் டர்போவுக்குச் சாதா பேரிங்கைவிட மிகக் குறைந்த ஆயிலே போதும். உள்ளே வரும் குழாயில் தடுப்பான் போட மறந்திருக்கலாம். ஆயில் வெளியேறும் குழாய், நேராகக் கீழே சரியாமல் ஓரிடத்தில் வளைந்தோ நசுங்கியோ இருக்கலாம். அந்த வழியில் ஆயிலைத் தள்ள பம்ப் இல்லை, தன் எடையால்தான் இறங்க வேண்டும். அல்லது கிராங்க்கேஸ் காற்று வெளியேறும் வால்வு பழுதாகி, உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் இறங்குவதைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். இந்த வரிசையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் டர்போவைக் கழற்றுங்கள்.

கேள்வி: ப்ளோ-ஆஃப் வால்வு போட்டால் திறன் கூடுமா?
– கல்லூரி மாணவர், சிவாஜிநகர்

பதில்: சத்தம் கூடும். காற்றின் அளவை நுழைவாயிலிலேயே அளக்கும் கார்களில், மிதியை விட்டதும் இந்த வால்வு அளந்த காற்றை வெளியே விட்டுவிடுவதால் கியர் மாற்றும்போதெல்லாம் கலவை கெட்டு, ஸ்பார்க் பிளக் கருக்கும்.

கேள்வி: டர்போ மாற்றிய பிறகு ட்யூனரிடமிருந்து எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்? டைனோ தாள் போதுமா?
– ஒரு வாசகர், மர்ஃபி டவுன்

பதில்: போதாது. மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து ரெட்லைன் வரை முழு மிதியில் எடுத்த பதிவைக் கேளுங்கள். அதில் கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், வேஸ்ட்கேட் திறப்பு, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை, காற்று–எரிபொருள் விகிதம், ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக் காரணமாக ஸ்பார்க் பின்வாங்கிய அளவு ஆகியவை இருக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களும் அவ்வப்போது ஒன்றிரண்டு டிகிரி பின்வாங்குவது இயல்பு. ஒரே சிலிண்டர் ஒவ்வொரு முறையும் நான்கு டிகிரிக்கு மேல் பின்வாங்கினால் அந்த ட்யூன் முடியவில்லை. வேஸ்ட்கேட் முழுவதும் மூடியிருந்தும் கேட்ட பூஸ்ட் வரவில்லையென்றால், எங்கோ கசிவு இருக்கிறது அல்லது டர்போ தன் எல்லையில் நிற்கிறது. இந்தப் பதிவை மதிய வெயிலில், தொடர்ந்து மூன்று முறை எடுக்கச் சொல்லி, மூன்றாவதை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.